பழைய பேய் நாவல் நம்மை ஏன் பிடித்துக்கொள்கிறது?

மலிவு விலைப் பேய் நாவலில் வரிக்கு வரி அச்சுப்பிழை இருக்கும். அட்டையில் ஒரு மண்டை ஓடு சிரிக்கும். முடிவு பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இருந்தும் நள்ளிரவில் அதைப் படிக்கும்போது கதவு லேசாக ஆடினால் நெஞ்சு திக்கென்கிறது. தாளில் இருப்பது வெறும் மை. உடம்பு எதைப் பார்த்துப் பயப்படுகிறது?

இதற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல பதில் தருகிறது. மனக்கண்ணில் எந்தக் காட்சியையும் வரவழைக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. அந்த நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயர். 'கடற்கரை' என்றால் அவர்களுக்குப் பொருள் புரியும், ஆனால் உள்ளே படம் ஓடாது. அவர்களையும் மற்றவர்களையும் இருட்டறையில் உட்கார வைத்து, திகில் கதைகளை வரிவரியாகத் திரையில் ஓடவிட்டார்கள். பயந்தால் தோலில் நமக்கே தெரியாத அளவு வியர்வை ஊறும். தோல் மின்சாரம் கடத்தும் திறன் கூடும். அதை அளந்தார்கள். மற்றவர்களுக்குக் கதை நகர நகர அந்த அளவு ஏறியது. அஃபான்டேசியா உள்ளவர்களுக்குக் கிட்டத்தட்ட அசையவே இல்லை. பயங்கரமான படங்களைக் காட்டியபோதோ இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் ஏறியது.

ஆக, நம்மைப் பயமுறுத்துவது எழுத்தைவிட, அதைப் படித்து நாமே வரைந்துகொள்ளும் படம்தான். சுமாரான திகில் எழுத்தாளர்கூடப் பிழைத்துக்கொள்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். 'மாடியில் யாரோ நடக்கும் சத்தம்' என்று எழுதினால் போதும், மாடியை நாம் கொடுத்துவிடுகிறோம். பேயின் பல்லையும் நகத்தையும் இரண்டு பக்கம் வர்ணிப்பவர்தான் காரியத்தைக் கெடுக்கிறார்.

சரி, பயம் எப்படி இன்பமாகிறது? மூளையின் அமிக்டலா அபாயம் என்று குரல் கொடுக்க, அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. அதே நேரத்தில், நாம் பத்திரமாகப் படுத்திருக்கிறோம் என்பதும் மூளைக்குத் தெரியும். டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டுக் கேளிக்கைக்குப் போன 110 பேரின் இதயத் துடிப்பை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், மிகவும் ரசித்தவர்கள் நடுத்தரமாகப் பயந்தவர்கள். பயம் குறைந்தால் சப்பென்று இருக்கிறது, மிஞ்சினால் ரசிக்க முடிவதில்லை. அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி புத்தகத்தில்தான் அதிகம். தியேட்டரில் கண்ணைப் பொத்தினாலும் சத்தம் காதில் விழும். நாவலில் நாலு வரி தாண்டிப் போய்விடலாம்.

அப்புறம் பழைய புத்தகத்தின் அந்த வாசனை. மலிவுத் தாள் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அதில் தங்கிவிடுகிறது. ஒளியும் ஆக்சிஜனும் பட்டு அது பழுப்பாகிறது. லிக்னினும், தாளின் நாரான செல்லுலோஸும் சிதையச் சிதைய வெனிலின், ஃபர்ஃபுரால், அசிட்டிக் அமிலம் போன்றவை ஆவியாகி மூக்கைத் தொடுகின்றன. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகவே மூளையின் மேல்பகுதிக்குப் போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் தேவையில்லை; அமிக்டலாவுக்கு நேர்வழி உண்டு. சின்ன வயதில் திருட்டுத்தனமாகப் பேய்க்கதை படித்தவருக்கு, அட்டையைத் திறந்ததுமே பாதிப் பயம் வந்துவிடுவதில் ஆச்சரியமில்லை.

ஒரு எச்சரிக்கை: பழைய புத்தகத்தின் முதுகில் போட்ட பசை நாளாக நாளாக இறுகி விரிசல் விடும், ஓரத்துத் தாள்கள் கழன்று விழும். வாங்கும் முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், படிக்காமல்.