நடுப்பகலில் நின்றுபோகும் சோலார்

கூரையில் சோலார் போட்ட வீடுகளிலிருந்து எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான்: "காலையில நல்லா ஓடுது சார், பன்னிரண்டு மணிக்கு மேல அதுவா நின்னுடுது." பேனல் மட்டம் என்று போட்டவரோடு சண்டைக்குப் போகும் முன், பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் வோல்டேஜைப் பாருங்கள். குடியாத்தத்தில் ஒரு தெருக்கோடி வீட்டில் நான் பார்த்தபோது 254 காட்டியது. அதே தெருவில் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய வீட்டில் 241. இரண்டிலும் ஒரே மாடல் இன்வெர்ட்டர்தான். அங்கே ஓடுகிறது, இங்கே நிற்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் வரும்போது கம்பியின் தடையால் வழியில் வோல்டேஜ் குறையும். சாயங்காலம் கடைசி வீட்டில் ட்யூப்லைட் மங்குவது அதனால்தான். சோலார் கரண்ட் வீட்டிலிருந்து வெளியே போகும்போது கணக்கு தலைகீழ்: வீட்டு முனையில் வோல்டேஜ் ஏறினால்தான் அது லைனுக்குப் போகும். கம்பி நீளமாகவோ மெல்லியதாகவோ இருந்தால் இன்னும் ஏறும். 230-க்கு 110 சதவீதம், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இரண்டு வினாடிக்குள் இன்வெர்ட்டர் லைனை விட்டு விலக வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. நின்றுபோகும் இன்வெர்ட்டர் அந்த விதிப்படிதான் நடக்கிறது. ஈபி கரண்ட் போனால் சோலாரும் நிற்பது இன்னொரு பாதுகாப்பு. கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது.

வேலூர் வெயிலுக்கு மே மாதம்தான் மோசம் என்று தோன்றும். நான் பார்த்தவரை ஜனவரி, பிப்ரவரியில்தான் புகார் கூடுதல். பேனல் அதிகம் சூடாகாததால் உற்பத்தி நன்றாக இருக்கும். ஏசி ஓடாததால் அதை இழுக்கத் தெருவில் லோடு இருக்காது.

இதை மேலே யாரும் கவனிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழியில் காற்று சட்டென்று ஓய்ந்தால் கவனிக்கச் சென்னையில் மாநில மின்பளு மையம் இருக்கிறது. கைகொடுக்கக் காடம்பாறையில், மேலே ஏற்றி வைத்த தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. 2013 டிசம்பர் 31 முதல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்தே ஓடுகிறது. அதனால் கரண்ட்டின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் ஆரல்வாய்மொழிக்கும் ஆற்காட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வோல்டேஜ் தெருவுக்குத் தெரு வேறு. உங்கள் வீட்டு 254 வோல்ட் சென்னையில் யார் திரையிலும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சில டெக்னீஷியன்கள் இன்வெர்ட்டரில் பாஸ்வேர்டு போட்டு, அது நிற்கும் வோல்டேஜ் வரம்பை 265, 270 என்று ஏற்றிவிட்டுப் போகிறார்கள். புகார் நின்றுவிடும். ஆனால் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் அந்த வோல்டேஜில்தான் ஓட வேண்டும். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாரம் மதியம் திரையைப் போட்டோ எடுத்து, புகாரோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். தெருவின் சோலார் எல்லாம் ஒரே பேஸில் குவிந்திருந்தால் பிரித்துப் போடலாம். டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை (tap) மாற்றி வோல்டேஜை இறக்கலாம். ஆனால் சாயங்காலம் கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கிவிடாதா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். சர்வீஸ் வயர் மெல்லியதாக இருந்தால் மாற்றுங்கள். தண்ணீர் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷினைப் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் ஓட்டுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் நல்ல வெயில் நாளில் மதியம் வோல்டேஜ் அளந்து காட்டச் சொல்லுங்கள். அப்போதே 245-ஐத் தாண்டியிருந்தால் கிலோவாட்டைக் குறையுங்கள், அல்லது த்ரீ பேஸ் இணைப்புக்கு மாறிவிட்டு அப்புறம் பேனலைப் பற்றிப் பேசுங்கள்.