விண்மீன் காற்று: அங்கே ஏது காற்று?

விண்மீனிலிருந்து ஓயாமல் வெளியே பாயும் துகள் ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டெல்லார் விண்ட்’ என்று பெயர். அதை விண்மீன் காற்று என்று எழுதினால், காற்றே இல்லாத வெளியில் ஏது காற்று என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆங்கிலத்தில் வீசுவது விண்ட், சுவாசிப்பது ஏர். நமக்கு இரண்டுமே காற்று.

ஸ்டெல்லா என்றால் லத்தீனில் விண்மீன். விண்ட் ஒட்டிக்கொண்டது சூரியனால். சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வெளியே பாய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர், 1958இல் அதற்கு ‘சோலார் விண்ட்’ என்று பெயர் வைத்தார். கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் வேண்டாம் என்றார்கள். ஆய்விதழின் ஆசிரியராக இருந்த நம் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர்தான் துணிந்து அச்சேற்றினார். அப்புறம் மற்ற விண்மீன்களுக்கும் அதே பாணியில் பெயர் பரவியது.

சூரியனுடையது வெறும் தென்றல். அந்திமக் காலத்தில் இருக்கும் பெரிய விண்மீன்களின் கதை வேறு. வுல்ஃப்-ராயே வகை விண்மீன்களில் நொடிக்கு 1,000 கி.மீ.க்கும் மேல் வேகம், சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு சூரியன் அளவுப் பொருள் போய்விடும். தள்ளுவது அதன் சொந்த ஒளியேதான்: இரும்பு போன்ற அணுக்கள் ஒளியை வாங்கி வாங்கி வெளியே உந்தப்பட்டு, கூட இருக்கும் வாயுவையும் இழுத்துக்கொண்டு போக, போர்த்தியிருந்த ஹைட்ரஜன் உரிந்து உள்ளே இருந்த ஹீலியம் வெளியே தெரிகிறது. திருவாதிரை போன்ற சிவப்புப் பெருமீன்களில் வேகம் குறைவு, ஆனால் வாயு குளிர்ந்து தூசியாகத் திரளும். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென மங்கியதே, அது கக்கிய தூசி மறைத்ததால்தான்.

ஈட்டா கரீனே என்ற விண்மீன் 1840களில் சூரியனைப் போல் 10 மடங்குக்கும் மேலான பொருளைக் கக்கியது. அதைக் காற்று என்று எழுதாதீர்கள், அது சீற்றம். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்வதென்றால் நிறையிழப்பு.

சரி, தமிழில் எது பொருத்தம்? உடு என்றாலும் விண்மீன்தான், ஆனால் உடுக்காற்று என்றதும் உடுத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. வளி என்றால் வளிமண்டலம் வந்து குழப்பும். என் ஓட்டு விண்மீன் காற்றுக்கே. ‘வீசுகிறது’ என்ற வினையைக் கூடவே வைத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சேர்த்து எழுதினால் விண்மீன்காற்றா, விண்மீற்காற்றா? ‘மீன்’ என்ற சொல்லுக்கு இலக்கணம் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறது. நான் பிரித்தே எழுதுகிறேன்.