கோப்புச் சங்கம் அல்ல, கோப்பு இணைப்பும் அல்ல: கோப்புவகைப் பொறுப்பு

"கோப்புச் சங்கம் சிதைந்துள்ளது, சரிசெய்யவும்." கணினி உதவிக் குறிப்பு என்ற பெயரில் தமிழில் இப்படி ஒரு வரியை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? எந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்று கணினி வைத்திருக்கும் குறிப்புக்கு ஆங்கிலத்தில் ஃபைல் அசோசியேஷன் என்று பெயர். அதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைப் படிப்பவர் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் படம் திறக்கவில்லை, பிடிஎஃப் திறக்கவில்லை என்று தவித்துக்கொண்டு, ஆங்கிலம் ஓடாததால் தமிழில் தேடி வந்தவர். அவருக்குச் சங்கம் என்றால் வணிகர் சங்கம், மாதர் சங்கம். கோப்புக்கு ஏது சங்கம்?

சொல்லின் வரலாறு சுருக்கமாக. லத்தீனில் சோசியஸ் என்றால் தோழன், கூட்டாளி. அசோசியேஷன் அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு மனிதர் கூடி அமைக்கும் சங்கம் என்றும் பொருள், ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் காணும் தொடர்பு என்றும் பொருள். கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. கோப்பு என்ற சொல்லில் எனக்குக் குறையே இல்லை. ஃபைல் என்பதன் வேர் லத்தீனில் நூல், அதாவது தாள்களைக் கோத்து வைக்கும் கயிறு. நம் கோப்பும் கோத்தல் என்ற வினையிலிருந்தே வருகிறது. இவ்வளவு அழகாக அமைந்த ஒரு சொல்லின் பின்னால் சங்கத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதுதான் பொறுக்கவில்லை.

சங்கமாவது பரவாயில்லை, படித்தவுடனே தவறு என்று தெரிந்துவிடும். உண்மையில் கெடுதல் செய்வது "கோப்பு இணைப்பு". கொஞ்சம் கவனமாக எழுதுகிறவர்கள்கூட இதைத்தான் எழுதுகிறார்கள். மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பு இணைப்பு, இணையப் பக்கத்தில் சொடுக்கும் லிங்க் இணைப்பு, நெட் கனெக்‌ஷன் இணைப்பு, பிரிண்டரிலிருந்து வரும் கேபிளும் இணைப்பு. இத்தனை வேலையை ஏற்கெனவே சுமக்கிற சொல்லிடம் இன்னொன்றையும் கொடுத்தால் என்ன ஆகும்? "கோப்பு இணைப்பில் கோளாறு" என்று படிக்கிறவர் முதலில் மெயிலில் வந்த அட்டாச்மென்ட் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார், அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்வார், இல்லாவிட்டால் மோடத்தை அணைத்துப் போடுவார். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் பதிவில் ஒரு வரி தவறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பதிவு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இணைப்பு ஏன் பொருந்தாது என்பது விளங்கும். விண்டோஸ் 3.1 காலத்தில் இது வின்.ஐஎன்ஐ என்ற கோப்பில் ஒரு வரியாக இருந்தது, விண்டோஸ் 95-லிருந்து ரெஜிஸ்ட்ரிக்குள், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் சேர்த்து வைக்கும் பதிவேட்டுக்குள், போய்விட்டது. அங்கே இரண்டு படி. கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் விகுதியை (நீட்டிப்பு என்கிறார்கள், பகுதி விகுதி படித்த நமக்கு விகுதியே போதும்) முதலில் ஒரு வகைப்பெயரோடு சேர்க்கிறார்கள். அப்புறம் அந்த வகைப்பெயருக்கு ஒரு கட்டளை, இந்த வகை வந்தால் நோட்பேடை ஓட்டு என்பது போல. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் அசாக் (assoc) என்ற கட்டளை முதல் படியையும் எஃப்டைப் (ftype) என்பது இரண்டாவதையும் காட்டும். இதற்கெல்லாம் மேலே யூசர்சாய்ஸ் என்று பயனர் தேர்வுக்கு ஒரு தனி இடம், விண்டோஸ் 8-லிருந்து அதில் ஒரு சரிபார்ப்புக் குறியீடும் உண்டு, வேறு நிரல் சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. எதைப் பார்த்தாலும் வேலை ஒரே திசையில்தான் போகிறது: இந்த வகை வந்தால் நீ திற. இணைப்பு இரு பக்கமும் சமமான சொல், யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாது. தொடர்பு என்று போடலாமே என்பார்கள். தவறில்லை, ஆனால் அதுவும் அதே மழுப்பல், போதாததற்கு அலைபேசியில் தொடர்புகள் என்றால் ஆட்களின் எண்கள்.

நான் சொல்வது கோப்புவகைப் பொறுப்பு. பொறு என்ற வினையிலிருந்து வந்தது, தாங்குவது. நம் அலுவலகங்களில் "அந்த செக்‌ஷன் யார் பொறுப்பு?" என்று கேட்கிறோம், ஆள் மாறினால் பொறுப்பை ஒப்படைக்கிறோம், ஒப்படைக்காமல் போய்விட்டால் மனு மேசையிலேயே கிடக்கிறது. ஒரு செயலியை நீக்கிய பிறகு அதன் பெயர் மட்டும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடுவது அச்சு அசல் இதே நிலைமைதான். வகை என்ற சொல்லையும் விடக் கூடாது. மேக்கில் ஒரே ஒரு கோப்பை மட்டும் வேறு செயலியிடம் கொடுக்க முடியும், விண்டோஸில் கொடுத்தால் அந்த வகை முழுவதும் போகும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழி (ஷார்ட்கட்) திறக்கவில்லை என்று அதை நோட்பேடில் திறக்கச் சொல்லி "எப்போதும்" என்றும் டிக் போட்டுவிடுகிறார்கள், உடனே அத்தனை குறுக்குவழிகளும் நோட்பேடின் படத்தோடு நிற்கின்றன. வைரஸ் என்று பயந்து ஃபார்மேட் செய்பவர்களும் உண்டு. குறுக்குவழிகளின் விகுதியான எல்என்கே (.lnk) வகையின் யூசர்சாய்ஸ் பதிவை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி லாகின் செய்தால் சரியாகிவிடும், குறுக்குவழிகள் ஒன்றும் அழிந்திருக்காது.

பெயர் நீளம் என்று ஒரு ஆட்சேபம் வரும். முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டால் பிறகு பொறுப்பு என்றாலே போதும், ஒரு வகைக் கோப்பை வழக்கமாகத் திறக்கும் டீஃபால்ட் ஆப் என்பதைப் பொறுப்புச் செயலி என்றும் அதிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம். ஃபைல் அசோசியேஷன் என்றே தமிழெழுத்தில் எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை, சங்கத்தைவிட அது நேர்மையானது, தேடினால் பதிலாவது கிடைக்கும். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுக்காமல், கோப்பு திறக்காதபோது வரும் அந்த எச்சரிக்கைப் பெட்டி எந்த நேரத்தில் திரையில் வருகிறது என்று ஒரு முறை கணினியில் பார்த்துவிட்டு எழுதினால் "ஒரு சங்கத்தை உருவாக்கவும்" என்ற வரி பிறந்தே இருக்காது. அந்த இடத்தில் வர வேண்டியது இது: "இந்த வகைக் கோப்பைத் திறக்கும் பொறுப்பு எந்தச் செயலியிடமும் இல்லை. அமைப்புகளுக்குப் போய் ஒரு செயலியிடம் ஒப்படைக்கவும்."