சரிவு ஏன் வீட்டிலிருந்து தொடங்குகிறது?

அமெரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களின் செலவுதான். வீடு கட்டும் துறைக்கு 2005-ல் இருந்த பங்கு 6 சதவீதம் சொச்சம். ஆனாலும் நாடு தளரப் போகிறதா என்று அறிய, கடைவீதியை விட வீட்டுச் சந்தையைக் கவனிப்பதே மேல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த 10 மந்தநிலைகளில் 8-க்கு முன்னால் வீட்டுத் துறை சறுக்கியிருந்ததை 2007-ல் பொருளியலாளர் எட்வர்ட் லீமர் எடுத்துக்காட்டினார்.

கையில் காசு குறைந்தாலும் சாப்பாடு, மருந்து, கரண்ட் பில் நிற்பதில்லை. வீடு வாங்குவதை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். அதுவும் கடனில் வாங்குவது. 30 வருடக் கடனுக்கு வட்டி 6 சதவீதத்திலிருந்து 7 ஆனால், மாதத் தவணை சுமார் 11 சதவீதம் ஏறிவிடும்.

2004 ஜூன் முதல் 2006 ஜூன் வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 17 முறை வட்டியை உயர்த்தி, 1 சதவீதத்திலிருந்து 5.25-க்குக் கொண்டுபோனது. வீட்டுச் சந்தையில் விலைக்கு முன்னால் விற்பனைதான் விழும். பக்கத்து வீடு போன விலைக்குக் குறைத்துத் தர யாருக்கும் மனம் வராது, காத்திருப்பார்கள். விற்காத வீடுகள் குவியும், கட்டுநர்கள் புது வேலையை நிறுத்துவார்கள். 2006 ஜனவரியில் ஆண்டுக்கு 22 லட்சம் வீடுகள் என்ற வேகத்தில் நடந்த கட்டுமானம், 2009 தொடக்கத்தில் 5 லட்சத்துக்கும் கீழே போனது.

இடையில் கடைகள் என்னவோ நன்றாகத்தான் ஓடின. மந்தநிலை தொடங்கியது 2007 டிசம்பரில்தான். அதுவரை பலர் வீட்டின் மதிப்பு ஏறியதைக் காட்டி மேற்கொண்டு கடன் வாங்கிச் செலவழித்திருந்தார்கள். விலை சரிந்ததும் அந்த வழி அடைபட்டது.

அடி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை என்பதுதான் முக்கியம். 2 லட்சம் டாலர் வீட்டின் மேல் 1.8 லட்சம் கடன் இருந்தால், விலை வெறும் 10 சதவீதம் இறங்கினாலே சொந்தப் பணம் முழுக்கப் போச்சு. கடனில்லாதவருக்கு அதே இறக்கம் ஒரு வருத்தம், அவ்வளவுதான். பொருளியலாளர்கள் அதிஃப் மியான், அமீர் சூஃபி ஆகியோரின் ஆய்வில், வீட்டு மதிப்பு ஒரு டாலர் குறைந்தால் செலவு சராசரியாக 5 முதல் 7 சென்ட் குறைந்தது. கடன் மிகுந்த, வருமானம் குறைந்த பகுதிகளில் இன்னும் அதிகம். ‘நுகர்வோர் மனநிலை’ என்று பத்திரிகைகள் எழுதுவதை விட இந்தக் கடன் கணக்கு எனக்கு நிறையவே சொல்கிறது.

அப்புறம், 2008 டிசம்பரில் வட்டியை ஏறக்குறைய பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். ஆனால் வீட்டின் விலையை விடக் கடன் பெரிதாக இருந்தவர்களுக்குப் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் தர வங்கிகள் தயங்கின. அதனால் குறைந்த வட்டி அவர்களில் பலரை எட்டவே இல்லை. ஆண்டுக்கு 10 லட்சம் புது வீடுகள் என்ற அளவை அமெரிக்கா மறுபடி தொட்டது 2014-ல்.