தேனீயின் வயிற்றில் இருப்பது கிருமியா?

போன கிழமை தேனீ வளர்ப்புப் பயிற்சி ஒன்றில் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். தலைப்பு: 'தேனீயின் குடற்கிருமிகளில் சூழலின் தாக்கம்'. பக்கத்தில் இருந்த வெங்காயத் தோட்டக்கார ஐயா அதை வாசித்துவிட்டு என்னைக் கேட்டார்: "தம்பி, உதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?"

அவரில் பிழையில்லை. துண்டுப்பிரசுரம் குடற்கிருமி என்றது குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தை. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் மைக்ரோபயோம். கிரேக்கத்தில் மைக்ரோஸ் சிறியது, பயோஸ் வாழ்வு. சூழலியலில் பயோம் என்றால் ஒரு நிலத்துக்கும் காலநிலைக்கும் உரிய உயிர்க்கூட்டம். ஜீனோம் போல 'ஓம்' விகுதி சேர்ந்தது என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு முதற்பிரிப்பே பிடிக்கும், அதில் இடமும் இருக்கிறது. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

இனிக் கிருமிக்கு வருவோம். வடமொழியில் அது புழு. பழைய கணக்கில் குடற்கிருமி என்றால் குடற்புழு. பள்ளிக்கூடத்தில் பூச்சிமருந்து தந்து வெளியேற்றுவார்களே, அது. இன்றைய கணக்கில் கிருமி நோய் தருவது. எங்கள் தோட்டங்களிலோ கிருமிநாசினி என்பது பயிருக்கு அடிக்கிற நஞ்சு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் கிருமிக்குப் பின்னால் நாசினி வந்து நிற்கும்.

நாசினி உள்ளே போனால் தேனீக்கு என்ன நடக்கும்? கூட்டறையிலிருந்து வெளிவரும் வேலைக்காரத் தேனீயின் குடலில் பற்றீரியா அனேகமாக இல்லை. அடுத்த சில நாட்களில் கூட்டாளிகளிடமிருந்தும் வதையிலிருந்தும் அவை வந்து சேர்கின்றன. ஸ்னொட்கிராசெல்லா என்ற பற்றீரியா குடற்சுவரோடு ஒட்டியிருக்கும். அதற்கு மேற்படையாக இருக்கும் கில்லியமெல்லா என்ற பற்றீரியா மகரந்தத்தின் கலச்சுவரிலுள்ள பெக்ரின் என்ற பொருளை உடைத்துக் கொடுக்கும். அமெரிக்காவில் தேனீக்களுக்கு ரெற்றாசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பற்றீரியா குறைந்தது, கூட்டுக்குத் திரும்பிய தேனீக்களில் உயிர் பிழைத்தவையும் குறைந்தன. அது 2017 இல் வெளிவந்த ஆய்வு. அடுத்த வருடமே களைநாசினியான கிளைபோசேற்றும் அந்தக் கூட்டத்தைக் குலைப்பதாகக் காட்டினார்கள். காக்கவேண்டியதற்குக் கொல்லவேண்டியதன் பெயரை வைத்திருக்கிறோம்.

அந்தத் தலைப்பிலுள்ள 'தாக்கம்' இன்னொரு தலையிடி. இப்போது மொழிபெயர்ப்பாளர் கையில் மழையும் தாக்குகிறது, கல்வியும் தாக்குகிறது. ஒரே கூட்டில் இருந்தும் இராணியின் குடல்வாசிகள் வேறு, வேலைக்காரத் தேனீயின் குடல்வாசிகள் வேறு. உணவு வேறு அல்லவா. குளிர்நாட்டில் மாரிகாலத் தேனீயின் குடல் கோடைகாலத் தேனீயினுடையதைப் போல இராது. பூ, பருவம், தீன், நஞ்சு எல்லாம் சேர்ந்து அந்தக் கூட்டத்தை அமைக்கின்றன. அமைக்கிறது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த ஊர் இது. அவர் 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். நுண்ணுயிரைக் குறிக்கும் மைக்ரோப் என்ற சொல் 1878 இல்தான் பிரான்சில் பிறந்தது. அதற்குத் தமிழ் வைக்க அவர் இங்கே இல்லை. சொல் ஐந்து வருடம் பிந்திப்போனதன் பலனை நாங்கள் அனுபவிக்கிறோம்.

மைக்ரோபயோமைத் தமிழகத்தில் 'நுண்ணுயிரி மண்டலம்' என்கிறார்கள். அங்கே நரம்பு மண்டலம் இருப்பதால் அவர்களுக்கு அது உறுத்தாது. இங்கே நரம்புத் தொகுதி என்று படித்த எங்களுக்கு மண்டலம் என்றால் வானம்தான். 'நுண்ணுயிரியம்' என்பது மார்க்சியத்துக்கும் கல்சியத்துக்கும் நடுவில் தொங்குகிறது. எங்கள் உயிரியற் பாடநூல்களில் நுண்ணுயிருக்கு நுண்ணங்கியும் இருக்கிறது, ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிர்க்கூட்டத்துக்குச் சாகியமும் இருக்கிறது. வகுப்பறைக்கு 'நுண்ணங்கிச் சாகியம்' தாராளமாகப் போதும்.

தோட்டத்துக்கு நான் வைப்பது 'நுண்குடி'. குடி என்பது வீடும்தான், வீட்டில் இருப்பவர்களும்தான். ஸ்னொட்கிராசெல்லாவின் முழுப்பெயரில் 'அல்வி' என்று ஒரு வால் உண்டு. அதன் மூலமான அல்வுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு வயிறு என்றும் பொருள், தேன்கூடு என்றும் பொருள். அங்கே அல்வுஸ் செய்வதை இங்கே குடி செய்யும்.

மச்சானிடம் சொன்னேன். "குடி எண்டால் எனக்குத் தவறணைதான் ஞாபகம் வருது" என்றார். பனங்கள்ளைப் புளிக்க வைப்பதும் நுண்ணங்கிகள்தான். ஆகவே அதை ஆதரவு வாக்காகவே எடுத்துக்கொண்டேன்.