தாத்தாவுக்கு எந்தப் பாட்டு?

"பிரஷருக்கு எந்த ராகம், சுகருக்கு எந்த ராகம்னு வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் வந்திருக்கு சார். அப்பாவுக்குப் போட்டுவிடலாமா?"

வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குப் பிசியோதெரபி செய்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. தாராளமாகப் போடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்பேன். இந்த நோய்க்கு இந்த ராகம் என்று மருந்துச் சீட்டு எழுதும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. அதற்காக, முதுமையில் இசையால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். யாருடைய பாட்டு, எந்த நேரத்தில், எந்தக் காரியத்துக்கு என்று பார்த்துப் போட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

என் தொழிலில் அதை நேரடியாகப் பார்ப்பது நடையில்தான். பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துவிடுகிறது. அடுத்தடுத்து அடி வைப்பதற்கான தாளத்தை உள்ளுக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கும் பகுதி அதனால் தடுமாறுகிறது. வெளியிலிருந்து ஒரு சீரான தாளம் காதில் விழுந்தால், மூளை வேறு பாதையில் அந்த வேலையைச் செய்துகொள்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவுட் குழுவினர் 1990களில் இதை ஆராய்ந்து ஒரு பயிற்சி முறையாகவே வகுத்தார்கள்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தேன். கூடத்தில் ஓரளவு நடப்பார். சமையலறை நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "மாமா, காலைத் தூக்கி வைங்க, தூக்கி வைங்க" என்று மருமகள் பதறப் பதற இன்னும் இறுகும். மருமகளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த கரண்டியால் கதவு நிலையில் சீராகத் தட்டச் சொன்னேன். இரண்டு மூன்று தட்டு கேட்டதும் பெரியவரே "போலாம்... ரைட்" என்றார். ரைட்டுக்குச் சரியாக வலது கால் வாசல்படியைத் தாண்டியது. அப்புறம் அந்த வீட்டில் யாரும் காலைத் தூக்கச் சொல்வதில்லை. ஆளுக்காள் "போலாம் ரைட்"தான், பேரன் விசிலோடு.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். முதலில் அவர் இயல்பாக ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். அதே வேகத்தில் ஓடும் பாட்டாக எடுங்கள். சீராக டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் செயலி போனில் இருந்தாலும் போதும். நடை சீரானபின் வேகத்தை 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம், அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். தபேலாவோ டோலக்கோ தெளிவாகக் கேட்கிற பாட்டுதான் நடைக்கு உதவும். ஆலாபனை எவ்வளவு அழகாக இருந்தாலும் கால் அதைப் பிடித்துக்கொள்ளாது. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தெருவில் நடக்கும்போது காதில் இயர்போன் கூடவே கூடாது. மறதி நோயும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பாட்டையும் நடையையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாமல் போகலாம், அவர்களிடம் வற்புறுத்தாதீர்கள்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள் கதை வேறு. "தண்ணி" என்று ஒரு சொல் வராமல் திணறுகிறவர், இளமையில் பாடிய தேவாரத்தை அடி பிசகாமல் பாடுவார். வீட்டார் திகைத்துப் போவார்கள். சிலர் "வேணும்னே பேச மாட்டேங்கறார்" என்று கோபப்படவும் செய்வார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தை நம்பியிருக்கிறது. பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. இதை வைத்துத்தான் 1973ல் பாஸ்டனில் ஒரு பேச்சுப் பயிற்சி உருவானது. "தண்ணி வேணும்" போன்ற அன்றாடச் சொற்றொடரை ஏற்ற இறக்கத்தோடு ராகம் போட்டுச் சொல்ல வைத்து, அசைக்கு ஒரு தட்டாக இடது கையால் தட்ட வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். 2011ல் துப்பாக்கிச் சூட்டில் தலையில் அடிபட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டெடுத்ததில் இசைச் சிகிச்சைக்கும் பங்கு உண்டு. ஆனால் பாடிக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் போக வேண்டும், அதுவும் சீக்கிரம்.

வெறுமனே கேட்பதாலும் பயன் இருக்கிறது. பின்லாந்தில் பக்கவாத நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பிடித்த பாட்டையும் இன்னொரு பிரிவினருக்கு ஒலிப் புத்தகங்களையும் இரண்டு மாதம் தினமும் கேட்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சொற்களை நினைவில் வைப்பதிலும் கவனத்திலும் பாட்டுக் கேட்டவர்களே முந்தினார்கள். 2008ல் வெளிவந்த ஆய்வு அது. "பிடித்த பாட்டு" என்பதைக் கவனியுங்கள். யாரும் அவர்களுக்கு ராகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை.

இங்கேதான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம். வயதாகிவிட்டால் பக்திப் பாட்டுதான் பிடிக்கும் என்று நாமே முடிவுகட்டி, விடிந்ததிலிருந்து சுப்ரபாதத்தை ஓடவிடுகிறோம். மனிதருக்கு ஆழமாகப் பதிவது பெரும்பாலும் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 வயதுக்காரர் சிறுவனாகக் கேட்டது தியாகராஜ பாகவதரை. 80 வயதுக்காரரின் இளமை விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலம். 65 வயதுக்காரருக்கு இளையராஜா அறிமுகமான 1976ல் பதினைந்து பதினாறு வயது இருக்கும். அவருக்குப் போய் பாகவதரைப் போட்டால் எப்படி ஒட்டும்? நாகூர் ஹனிபாவைக் கேட்டு வளர்ந்தவர் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனையில் வளர்ந்தவர் இருப்பார். வயலில் நடவு நட்ட பாட்டிக்கு எந்த ரேடியோப் பாட்டும் வேண்டாம், நடவுப் பாட்டில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தாலே போதும். பிறந்த வருடத்தைப் பார்த்து ஊகிப்பதை விட, அவருடைய தம்பி தங்கையிடம் கேட்பது இன்னும் நல்லது.

மறதி நோயில் இந்தத் தேர்வு இன்னும் முக்கியம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023ல் வந்த தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். அவர்களில் பலருக்கு, மகன் பெயர் மறந்த பிறகும் பாட்டு மறப்பதில்லை. இசைச் சிகிச்சையால் மனச்சோர்வும் பொதுவான நடத்தைச் சிக்கல்களும் குறைகின்றன என்றும், ஞாபகசக்தி திரும்புவதாகவோ மூர்க்கம் அடங்குவதாகவோ பெரிதாகச் சொல்ல முடியாது என்றும் 2018ல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னது. என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். கத்தி ரகளை செய்த பிறகு பாட்டுப் போட்டால் அது இன்னொரு சத்தம். குளிக்க வைக்கப் போகிறீர்கள், அவர் முரண்டு பிடிப்பார் என்று தெரியும் அல்லவா? சட்டையைக் கழற்றும் முன்பே பாட்டு ஓட வேண்டும். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறவருக்கு, நாலு மணிக்கே தொடங்குங்கள்.

யூடியூபில் போட்டுவிட்டு நகராதீர்கள். பாட்டு நடுவே திடீரென்று விளம்பரம் அலறினால் மறதி நோயாளி மிரண்டுபோவார். பாட்டுகள் பதிந்து வரும் ரேடியோப் பெட்டியோ, பேரன் பென்டிரைவில் ஏற்றித் தரும் இருபது பாட்டோ போதும். கேட்கும்போது முகத்தைப் பாருங்கள். கண்ணீர் வந்தால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. சில அழுகை மனதைத் தளர்த்தும். முகம் சுருங்கினாலோ கை பிசைந்தாலோ மாற்றிவிடுங்கள். இறந்துபோன துணைவருக்குப் பிடித்த பாட்டு சிலருக்கு ஆறுதல், சிலருக்கு ரணம்.

சேர்ந்து பாடுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. திருப்புகழ்க் குழுவோ சர்ச் பாடகர் குழுவோ, போனால் மூச்சுக்கும் குரலுக்கும் பயிற்சி, அதோடு வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம். குரல் நன்றாக இல்லையே என்று தயங்குகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விடுங்கள்.

கடைசியாகக் காது. "அம்மாவுக்குப் பாட்டிலேயே ஆசை போயிடுச்சு" என்று ஒரு மகள் வருத்தப்பட்டார். காதுக்குள் பார்த்தால் குரும்பி அடைத்திருந்தது. அதை எடுத்தபின், அந்த அம்மா முதலில் கேட்டது ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள் என்றுதான். முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது உச்ச ஒலிகள் முதலில் போகும். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், தெளிவு வராது. காதுக் கருவிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை என்பதால் பாட்டு அதில் பிசிறடிக்கும்; இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பலரும் வெளியே சொல்லாதது. காது மந்தமான சில முதியவர்களுக்கு, எங்கும் ஒலிக்காத பாட்டு கேட்கும். "ராத்திரி பூரா கோயில்ல மைக் போடறாங்க" என்பார்கள், கோயில் பூட்டியிருக்கும். புத்தி பேதலித்துவிட்டது என்றோ பேய் பிடித்தது என்றோ மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். வெளியொலி குறைந்துபோன மூளை, தானே ஒலியை உண்டாக்கிக்கொள்வதால் வருவது இது. காது மருத்துவரிடம் காட்டுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துப் போங்கள். பலருக்குச் சரியான காதுக் கருவி பொருத்தியதுமே அந்தப் பாட்டு அடங்கிவிடுகிறது. திடீரென்று தொடங்கியிருந்தாலோ, கூடவே குழப்பம், தலைவலி, வலிப்பு ஏதாவது இருந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.