அப்பாவின் கமராவுக்குள் ஓர் ஈ

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அப்பா ஓய்வுபெற்று இரண்டு வருடம். விடிந்ததும் தலங்கம குளத்தடிக்கோ பெல்லன்வில-அத்திடிய சதுப்புநிலத்துக்கோ போய்விடுவார். போனில் படம் எடுத்து அனுப்புவார். பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், அதுதான் கொக்கு என்று நாங்கள் நம்பவேண்டும். பிறந்தநாளுக்கு ஒரு கமரா வாங்கிக் கொடுக்க ஆசை. எத்தனை மெகாபிக்சல் பார்த்து வாங்குவது?”

ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ‘ஈரநில நகரம்’ என்று அங்கீகாரம் பெற்ற கொழும்பில் இருந்துகொண்டு அப்பா செய்வது மிகச் சரியான காரியம். மெகாபிக்சலை மட்டும் மறந்துவிடுங்கள். ராகுகாலம் பார்க்காத ஆட்கள்கூட கமராக் கடைக்குள் நுழைந்ததும் அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் நல்லது கெட்டது சொல்கிறார்கள். 20 இருந்தால் தாராளம். அப்பாவுக்கு வேண்டியது சூம். தூரத்துக் கொக்கைக் கிட்டக் கொண்டுவர போனின் சின்ன வில்லையால் முடியாது. ஆனால் சூம் வந்தால் கூடவே ஒரு தொல்லையும் வரும்.

சின்னக் கணக்கு ஒன்று. பெட்டியில் 24-600 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தால் அது வில்லையின் குவியத்தூரம், எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் கிட்ட வரும். 24இல் கமரா அகலவாக்கில் ஏறக்குறைய 74 பாகை பார்க்கிறது, 600இல் வெறும் 3.4 பாகை. கை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தது என்று வையுங்கள். 24இல் படம் எழுநூறில் ஒரு பங்குதான் நகரும், கண்ணுக்கே தெரியாது. 600இல் அதே அசைவு முப்பத்துநான்கில் ஒரு பங்கு. 5500 பிக்சல் அகலமான படத்தில் 160 பிக்சல். கொக்கின் கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு இருக்கும்.

ஆடாமல் பிடித்தால் என்ன? முடியாது. இருபது வயதுக்காரனின் கையும் செக்கனுக்கு 8 முதல் 12 தடவை மெல்ல நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. வயது போகப் போகப் பலருக்கு அது கூடும். 600 மில்லிமீற்றர் என்றால் செக்கனில் 600இல் ஒரு பங்குக்குள் எடுத்துவிடு என்பது பழைய படப்பிடிப்பாளர்களின் கணக்கு. விடிகாலை வெளிச்சத்துக்கு அது கட்டுப்படியாகாது, அவ்வளவு குறைந்த நேரத்தில் கமராவுக்குள் போதிய ஒளி விழாது.

இங்கேதான் படநிலைப்படுத்தி வருகிறது. ஓ.ஐ.எஸ்., வி.ஆர்., ஐ.எஸ். என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். நடுக்கத்தை அளந்து, அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு வில்லையையோ, படம் விழும் சென்சரையோ தள்ளிவிடும். தள்ளுகிற வேலை பெரிய விடயமில்லை, ஸ்பீக்கரில் இருப்பதுபோல ஒரு சுருளும் காந்தமும் போதும். அளக்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது.

சிறுவர் பூங்காவில் சுற்றும் வட்டத்தட்டு ஒன்றை நினையுங்கள். அது சுற்றும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக நடந்தால் யாரோ பக்கத்தில் இடித்துத் தள்ளுவதுபோல் இருக்கும். விளிம்பு நடுவைவிட வேகமாக ஓடுகிறது, உங்கள் உடம்புக்கு அந்த வேகம் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். திரும்பி நடுவுக்கு வந்தால் மற்றப் பக்கம் தள்ளும். பிரான்ஸின் கொரியோலிஸ் 1835இல் இதற்குக் கணக்கு எழுதினார்.

இப்போது நடக்காமல், உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை ஓடுகிறீர்கள். தட்டு அசையாதவரை நேர்கோட்டில்தான் ஓடுவீர்கள். அது மயிரிழை திரும்பினாலும் இடமும் வலமுமாகத் தள்ளாடத் தொடங்குவீர்கள். தள்ளாட்டத்தை அளந்தால் தட்டு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லிவிடலாம். கமராவுக்குள் சில மில்லிமீற்றர் அகலமான சில்லு (சிப்) ஒன்றில் நடப்பது இதுவேதான். அதற்குள் சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய கட்டி ஒன்று ஓயாமல் அதிர்கிறது. அப்பாவின் கை திரும்பினால் கட்டி பக்கவாட்டில் விலகும். அதன் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் கோத்துக்கொண்டிருக்கும் தகடுகளின் இடைவெளி மாறும், அங்கே தேங்கும் மின்னேற்றமும் மாறும். மேல்-கீழ் அசைவுக்கு ஒன்று, இட-வல அசைவுக்கு ஒன்று.

இதை மனிதனுக்கு முன்பே ஈ செய்துவிட்டது. ஈக்குச் சிறகு இரண்டுதான். பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் தலை பருத்த இரண்டு குட்டித் தடிகள் இருக்கும். பறக்கும்போது சிறகு அடிக்கும் அதே வேகத்தில் அவையும் துடிக்கும். ஈ திரும்பியவுடன் கொரியோலிஸ் விசை தடியை ஒருபக்கம் வளைக்கும், அடியிலுள்ள உணர்நரம்புகள் அதைப் பிடித்துக்கொள்ளும். சோற்றுக்கோப்பையைச் சுற்றும் ஈயை உங்களால் அடிக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். கேம்பிரிட்ஜில் பிரிங்கிள் என்ற விலங்கியலாளர் 1948இல் இதை விரிவாக எழுதினார். போர் முடிந்து, பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு இன்னும் நடந்துகொண்டிருந்த காலம்! எங்கள் ஊரில் ஈயின் பின்னால் போக விண்ணப்பித்துப் பாருங்கள். “நாட்டுக்கு என்ன பயன்?” என்பதைத் தாண்டி இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அதிர்ஷ்டம்.

சரி, கடைக்கு வருவோம். நிலைப்படுத்திக்கு ‘4 ஸ்டொப்’ என்று போட்டிருந்தால், ஒவ்வொரு ஸ்டொப்பும் படம் எடுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்க விடும் என்று அர்த்தம். 2ஐ நான்கு தடவை பெருக்குங்கள், 16 மடங்கு. 600இல் ஒரு பங்கு செக்கன் தேவைப்பட்ட இடத்தில் 40இல் ஒரு பங்கு போதும். அசையாமல் நிற்கும் கொக்குக்குத்தான் இது பொருந்தும். பறக்கும் மீன்கொத்தியை எந்த நிலைப்படுத்தியும் நிறுத்தி வைக்காது.

3000 மில்லிமீற்றர் வரை போகும் நிக்கோன் பி1000 மாதிரியான கமராவில் முழுநிலவு ஒன்றே படத்தை நிரப்பிவிடும். வாங்காதீர்கள் என்பேன். 1.4 கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டு யார் நடப்பது? வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேலே காற்று கொதிப்பதுபோல் ஆடும், அந்த ஆட்டம் எந்தச் சில்லுக்கும் தெரியாது. 600 போதும்.

கண்ணில் வைத்துப் பார்க்கும் வகைதானா என்பதையும் கவனியுங்கள். நெற்றியில் அழுந்துவதால் நடுக்கம் ஓரளவு அங்கேயே அடங்கும். பக்கத்திலுள்ள குட்டித் திருகைத் திருப்பினால் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடாமலே தெளிவாகத் தெரியும். அப்புறம், கொழும்புக் காற்றின் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் பெட்டி ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள்.

திடீர்ப் பரிசாக இருக்கவேண்டாம், அப்பாவையே கடைக்குக் கூட்டிப் போங்கள். வாசலில் நின்று முழு சூமில் காலி வீதியின் மற்றப் பக்கத்துப் பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலைப்படுத்தியை நிறுத்தி ஒரு தடவை, போட்டு ஒரு தடவை. பொத்தானைப் பாதி அழுத்தியதும் துள்ளிக்கொண்டிருந்த எழுத்துகள் மிதப்பதுபோல் அமைதியாகிவிடும். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள்.